கண்ணாடியில் ஒட்டிய மீட்டர்

அப்பாவின் பழைய கார் சமதளத்தில் ஒழுங்காகத்தான் ஓடும். ஆளை ஏற்றிக்கொண்டு செமிலிங் பக்கத்து எஸ்டேட் மேட்டில் ஏறினால் மட்டும் இருமி இருமி நின்றுவிடும். பம்ப் பெட்ரோல் எண்ணெயைப் போதிய அழுத்தத்தோடு தள்ளவில்லையா, அல்லது வயரில் கோளாறா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அது சரியானால், அடுத்த ஞாயிறு அக்காவை ஈப்போவில் அத்தையின் மளிகைக் கடையில் வேலைக்கு விடுவதாக ஏற்பாடு. அக்கா அப்போது ஐந்தாம் படிவம். வருடக் கடைசியில் பள்ளிப் படிப்பை முடிக்கிற எஸ்பிஎம் பரீட்சை. அதை எழுதி என்ன கிழிக்கப்போகிறாள் என்று அத்தை போனில் கேட்டிருந்தார். பஸ்ஸிலும் போயிருக்கலாம். ஆனால் கார் வாங்கியதைத் தன் தங்கையான அத்தையிடம் பீற்றிக்கொண்ட அப்பா, அத்தை வீட்டு வாசலில் பஸ்ஸில் போய் இறங்குகிற ஆள் இல்லை.

பட்டறையில் இரவல் வாங்கிய பிரஷர் மீட்டரை எண்ணெய்க் குழாயில் மாட்டி, வெளியே இழுத்து, முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். ஓடும்போது முள்ளைப் பார்த்துச் சொல்ல முன்சீட்டில் அக்கா. பாரத்துக்காகப் பின்சீட்டில் அம்மாவும் நானும். இரண்டு அரிசி மூட்டை ஏற்றியிருந்தாலும் போதும். முதல் படிவம் படிக்கிற எனக்கும் எண் தெரியும். மீட்டரும் அவளுக்கு, ஈப்போவும் அவளுக்கு என்று வயிறு எரிந்தது.

மேடு வந்தது. சீட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். நாற்பதில் நின்ற முள் முப்பது, இருபது என்று இறங்கியது. கார் இரும ஆரம்பித்தது.

“எவ்வளவு காட்டுது?” எதிரே வந்த லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் அப்பா.

“நாப்பதுப்பா. அசையவே இல்ல.”

அவள் தப்பாகப் படித்ததில் எனக்குப் பரம சந்தோஷம். வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினார். நான் அலறினேன்.

“என்னா அங்க?”

“ஒண்ணுமில்லலா. இவன் ஒழுங்கா உக்கார மாட்றான்.”

தப்பு அவள் செய்தாலும் அடி எனக்குத்தான் என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

“அப்ப எண்ணெய் நல்லாத்தான் வருது. வயருதான்,” என்று அப்பா முடிவு கட்டினார்.

அந்த வருடம் முழுக்க வயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், காயிலையும் மாற்றினார். கார் மேட்டில் நின்றுகொண்டே இருந்தது. அக்கா பரீட்சை எழுதினாள், நன்றாகத் தேறினாள், மேலே படிக்க அலோர் ஸ்டாருக்குப் போனாள்.

மறு வருடம் வேறொரு பட்டறைக்காரர் பம்பை மாற்றினார். கார் மேடு ஏறியது. அத்தைக்கு இன்னும் கடைக்கு ஆள் தேவைப்பட்டது. பையன் வரட்டுமே என்றார். அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தார், பிறகு என் துணிகளை மடித்து வைத்தார்.

அக்காவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். எப்போது திரும்பி வருவோம் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.