கீரைக்கு விழுந்த கைதட்டல்

அந்தக் கைதட்டலை நினைத்தால் ரோஸ்லினுக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. மனசு கெட்டவள் என்று சொந்த ஊரான ஏம்பலத்தில் யாரும் அவளைச் சொல்ல முடியாது. வாய்தான் நிற்காது.

திருபுவனையில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவள். இப்போது ஏதோ ஒரு கல்லூரி ஆய்வுக்காக ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் போகிறாள். பூமிக்குக் கெடுதல் இல்லாமல் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று கேட்டு மார்க் போட வேண்டும். அடிக்கடி கறி தின்றால் மார்க் குறையும், பாக்கெட் தீனிக்கும் குறையும். உள்ளூரில் விளைந்ததைத் தின்று, தட்டில் மிச்சம் வைக்காமல் எழுந்தால் ஏறும்.

செலியமேட்டுப் பக்கம் ஒரு பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. "யாரு பேரும் வெளிய வராது, தைரியமா சொல்லுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். செல்வகுமாரி என்ற பெண் எல்லாரையும் மிஞ்சிவிட்டாள். கறி, ஊர்த் திருவிழாவுக்கு மட்டும். பாக்கெட் கிடையாது. மற்றபடி, நடவுக்குப் போகும் அம்மா வரப்பில் பறித்து வரும் பண்ணைக்கீரை, மழை பெய்தால் வயல் நண்டு.

"மிச்சம் வைப்பியாம்மா?"

"மிச்சம் எங்கக்கா ஆவுது?"

அதைக் கேட்டபோதே ரோஸ்லினுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையா என்று பூரித்துப் போனாள். தலைமையாசிரியர் பச்சையப்பன் டீ வாங்கிக் கொடுத்ததும் கொடுத்த வாக்கு காற்றில் போனது. "உங்க செல்வகுமாரிதான் சார் ஃபர்ஸ்ட்டு!" என்று தொடங்கி, கீரை, நண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவரும் நல்ல மனுஷர்தான். மறுநாள் பிரேயரில் அந்தப் பெண்ணை மேடையில் ஏற்றி, அவள் வீட்டுச் சாப்பாட்டை மைக்கில் விவரமாகப் புகழ்ந்து, பள்ளிக்கூடமே கைதட்ட வைத்தார். மிச்சப் பிள்ளைகளைக் கேட்க வந்திருந்த ரோஸ்லினும் கை வலிக்கத் தட்டினாள். பிள்ளையின் முகம் சுண்டியதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள், மடச்சி.

அரையாண்டு முடிந்து இரண்டாம் சுற்றுக்குப் போனாள். செல்வகுமாரியின் பெயரைக் கூப்பிட்டதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய் நண்டு, உன்னதான்டி கூப்புடுறாங்க!" வகுப்பே சிரித்தது. அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது என்று ரோஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது.

வராண்டாவில் வந்து உட்கார்ந்த செல்வகுமாரி முன்பைவிட மெலிந்திருந்தாள்.

"கறி?"

"தெனமும்."

"பாக்கெட்டு?"

"அதுவும் தெனமும்தான்."

"மிச்சம்?"

"நெறைய மீந்துடும்க்கா. கொட்டிடுவோம்."

எல்லாம் பொய் என்று தெரிந்தும், கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று ரோஸ்லினுக்குப் பட்டது. சொன்னதைச் சொன்னபடியே குறித்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். ஊரையே பேசித் தீர்க்கும் வாய்க்கு அப்போது பார்த்து ஒரு சொல் வரவில்லை.

எழுந்த செல்வகுமாரி, யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டாள்:

"இந்த தபா நான் கடைசிலதான வருவேன், அக்கா?"