களத்து மேட்டுக் கல்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கம்பெனியில், ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், கேஜ், வெல்டிங் டார்ச் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து மேசையில் அடுக்குவோம். ஷிப்ட் சூப்பர்வைசர்தான் கற்பூரம் காட்ட வேண்டும். இந்த வருஷம் அது நான். புதுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், கொஞ்சம் கர்வமும்தான். தட்டை எடுத்துக்கொண்டு போனேன். மேசை நடுவில் அந்தக் கல் இருந்தது.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் கல் கோடரி, அத்தனை வழவழப்பு. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் நிலக்காரர் வீட்டுச் சொத்து. எப்போதோ உழும்போது கிடைத்ததாம். அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் குவியலின் உச்சியில் அதை வைப்பார்கள். ஆண்டை என்று நாங்கள் கூப்பிடும் அந்த நிலக்காரர் வந்து அதைக் கையில் எடுக்கும்வரை யாரும் நெல்லைத் தொடக் கூடாது. அப்புறம்தான் கூலி அளப்பார்கள். கல்லைப் பார்த்ததும் என் அப்பா தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுவார். அது எதையும் வெட்டி நான் பார்த்ததில்லை. வெட்ட வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த வீட்டுப் பையன் இப்போது என் ஷிப்டில் வெல்டர். நல்ல பிள்ளை. கல்லை மியூசியத்தில் காட்டினானாம். முனை தேயவே இல்லை, ஆதி காலத்திலேயே வேலைக்காக இல்லாமல் தலைவன் கையில் பிடித்திருக்கச் செய்ததாக இருக்கும் என்றார்களாம். "இதுவும் ஆயுதந்தான மேடம்!" என்று பெருமையாகச் சிரித்தான்.

கற்பூரம் எரிகிறது. என் கை நகரவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"நீங்களே காட்டுங்க, ஆண்ட."

தினமும் வாடா போடா என்று நான் வேலை வாங்குகிற பையன். அவன் முகம் செத்துவிட்டது. "இன்னா மேடம் இது, ஆண்ட கீண்டன்னுகினு? நீங்க காட்டுங்க மேடம்" என்று கெஞ்சினான். பின்னால் யாரோ சிரித்தார்கள். காட்டி முடித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பாவுக்காவது நெல் வேண்டியிருந்தது. எனக்கு என்ன கேடு?

மறுநாள் அவனே கல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "நீங்களே வெச்சிக்குங்க மேடம். ஃபேன் காத்துல பேப்பர்லாம் பறந்துகினே கீது." மனசு ஆறட்டும் என்றுதான் தந்தான். அது எனக்கும் புரிந்தது.

இப்போது ஷிப்ட் ரிப்போர்ட்டெல்லாம் அதன் அடியில்தான். கல்லைத் தூக்காமல், ஓரத்தைப் பிடித்து மெல்ல உருவுகிறேன். சில சமயம் கிழிந்துவிடுகிறது. "ஏம்மா எல்லாம் கிழிஞ்சிகினு வருது?" என்று மேனேஜர் கேட்டார்.

ஃபேன் காற்று சார் என்றேன்.