பதினெட்டாம் வீட்டுக் குழாய்

எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். மைசூர் விஜயநகரில் கடைசியாக மனை பிரித்த பகுதியில், முட்டுச்சந்தாக முடிகிற தெரு. முட்டுகிற இடத்தில் நிற்பது என் வீடு. பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்து ஓர் அபிவிருத்தி சங்கம் இருக்கிறது. நம் நாட்டில் நாலு பேர் ஒன்றுகூடினால் எதையாவது அபிவிருத்தி செய்யாமல் கலைவதில்லை. எங்கள் சங்கம் முதல் மூன்று ஆண்டுகளில் போராடிப் பெற்றது ஒரு வேகத்தடை. அது வந்த பிறகு தெருவில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி. அந்தச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர்.

பதவி கிடைத்தது என் கன்னடக் கையெழுத்தால். தெருவில் மற்ற பதினேழு வீட்டாரும் கன்னடம் பேசிப் பிறந்தவர்கள். மனு எழுது என்றால் மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். நான் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். "தமிழ்நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று மைசூரில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை. என் அப்பா பிறந்தபோது எங்கள் ஊர் கோயம்புத்தூர் ஜில்லா. மொழிவாரியாக மாநிலம் பிரித்தார்கள். அப்பா அதே காட்டில் அதே ஏரைப் பிடித்துக்கொண்டு மைசூர் ராஜ்யத்துக்காரர் ஆனார். மாநிலம்தான் எங்களைத் தேடி வந்தது. இதை விளக்கிச் சொன்னால் கேட்பவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அதுசரி, எப்போது வந்தீர்கள்?" என்பார். ஈரோட்டில் கல்யாணத்துக்குப் போனாலோ என்னைக் கன்னடக்காரர் என்று தனிப் பந்தியில் உட்கார வைக்காத குறைதான்.

சங்கத் தலைவர் பதினேழாம் வீட்டுக்காரர், எனக்கு ஒட்டிய மதில். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது பஸ்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். காவேரிப் பிரச்சினை கிளம்புகிற ஆண்டுகளில் அந்தக் குரலுக்குத் தனி மவுசு. பந்த் அன்று நாற்சந்தி சர்க்கிளில் முதல் கோஷம் அவருடையதுதான். அவர் பேசுவது கன்னடம். இங்கே நான் எழுதுவது அதன் தமிழ்.

தெருவுக்கு அப்போது ஆழ்குழாய்த் தண்ணீர்தான். கடுந்தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. காவேரிக் குழாய் வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. மனுவை எழுதி, வீட்டு எண்களும் பெயர்களும் கொண்ட பட்டியலை இணைக்கும் வேலை எனக்கு. தலைவரின் வீட்டை முதலில் போட்டேன். பிறகு வரிசையாகப் பதினாறு. அடுத்து என் வீடு. பேனா நின்றது.

நாளைக்கு யாராவது, "மனு எழுதினவன் தமிழன், தன் வீட்டுக்குக் காவேரியைத் திருப்பிக்கொண்டான்" என்று சொன்னால்? ஒருவரும் சொல்லவில்லை. சொல்லப்போகிறார்கள் என்று எந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் எனக்குக் கேட்டது, அதுவும் டிப்போக் குரலில். முதலில் எல்லோருக்கும் வரட்டும், நம்முடையதைப் பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று பட்டியலைப் பதினேழோடு முடித்துக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் என்மேல் இருந்த நம்பிக்கையில் படிக்காமலே கையெழுத்திட்டார். எனக்கு அன்று முழுவதும் என்மேலேயே ஒரு மரியாதை.

அந்த மரியாதை குழாய் வந்த அன்று போயிற்று. பள்ளம் தோண்டிக்கொண்டே வந்தவர்கள் பதினேழாம் வீட்டு வாசலில் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். என் மனைவி இடுப்பில் கை வைத்து வாசலில் நின்று பார்த்தாள். அவளும் எங்கள் கொள்ளேகால் பக்கம்தான், ஹனூர்க்காரி.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் எழுதி எழுதித் தண்ணி வாங்கிக் குடுத்தீங்க. நம்மூட்டுக்கு ஆருங்க எழுதறது?"

"ஆபீசில் ஏதோ விட்டுப்போச்சு போல" என்றேன். சொன்ன பிறகு அதை மாற்ற முடியவில்லை. தெருவுக்கும் அதையே சொன்னேன்.

தலைவர் அன்று மாலையே மதிலுக்கு மேலே ஒரு ரப்பர் குழாயைப் போட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். தன் தொட்டி நிறைந்ததும் குழாயை எங்கள் பக்கம் விடுவார். விடும்போது மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "செக்ரட்ரி சார், இன்றைக்கு எத்தனை டிஎம்சி?" என்பார். அணைத் தண்ணீரை அளக்கிற கணக்கில் என் சின்டெக்ஸ் தொட்டியை அளக்கிற நக்கல். "கோர்ட் சொன்ன அளவு" என்பேன் நான். இருவரும் சிரிப்போம். என் மனைவி சிரிக்கமாட்டாள். "நாப்பது வருசம் குடித்தனம் பண்ணி இரவல் தண்ணியில சோறாக்கறனுங்க" என்பாள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. பந்த் அறிவித்தார்கள். பதாகை எழுதச் சங்கத்தில் நல்ல கையெழுத்து யாருடையது? 'காவேரி நம்மது' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன், காய்வதற்கு என் வீட்டு மாடியிலேயே போட்டேன். தலைவர் அதைப் பிடித்துக்கொண்டு சர்க்கிளில் நின்று, "ஒந்து ஹனி நீரூ பிடல்லா!" என்று முழங்கினார். தமிழ்நாட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடமாட்டோம் என்று அர்த்தம். தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாய் மதிலைத் தாண்டி வந்தது. குரல் வராததால் எத்தனை டிஎம்சி என்று விரலால் கேட்டார்.

தொண்டை சரியானதும் அவருக்குக் கோபம் வந்தது, எனக்காக. "ஆறு மாதம் ஆகிறது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றித் தண்ணீர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. பொறியாளர் ஓர் இளம்பெண். தலைவர் உட்காரவும் இல்லை.

"தெருவில் பதினேழு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இவர் வீட்டை மட்டும் விட்டிருக்கிறீர்கள். ஏன்? இவர் தமிழர் என்றா? இந்த மண்ணில் பிறந்தவரம்மா இவர்! எங்கள் ஆள்!"

அலுவலகத்தில் எல்லா நாற்காலிகளும் எங்களைப் பார்த்துத் திரும்பின. அந்தப் பெண் பதறவில்லை. கோப்பைத் தேடி எடுத்து, பட்டியலைத் திருப்பி அவர் முன் வைத்தாள்.

"பட்டியலில் பதினேழுதான் சார் இருக்கிறது. யார் எழுதியது?"

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் வீடு முதலில் இருந்தது. கீழே செயலாளர் என்று என் கையெழுத்து. தெருவே மெச்சிய கையெழுத்து, இது என்னுடையதல்ல என்று சொல்ல வழியில்லை. அவர் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார், மெதுவான குரலில். அவருக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

தெருவுக்குத் திரும்பினோம். அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் உண்மையைச் சொன்னேன். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன் என்றேன்.

"யாராவது என்றால் யார்? பக்கத்து வீட்டில் நான்தானே இருக்கிறேன்" என்றார். உள்ளே போய்விட்டார்.

இத்தனை நாள் என் பெருந்தன்மை என்று நான் நினைத்திருந்தது அவர்மேல் வைத்த சந்தேகம். அவர் ஒருநாளும் எனக்கு வைக்காத வேலியை நான் எனக்கே போட்டுக்கொண்டு, அந்தப் பழியை அவர் தலையில் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த தண்ணீர் நாளன்று குழாய் மதிலைத் தாண்டி வந்தது. தலை வரவில்லை. டிஎம்சி கேட்க ஆளில்லாமல் தொட்டி நிறைந்தது.

"போயி நேருல சொல்லுங்க. மதிலப் பாத்துட்டு நின்னா ஆச்சுங்களா?" என்றாள் மனைவி.

என் ஒரு வீட்டுக்காக ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்தார், இம்முறை முழுவதும். "ஒற்றை வீட்டு மனுவை எவன் மதிப்பான்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நம்ம செக்ரட்ரி வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, கையெழுத்துப் போடுங்கள்" என்றார், தெருமுனை வரை கேட்கும்படி. நான் பின்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நடந்தேன். ஏன் இல்லை என்று கேட்டவர்களிடம், "எழுத்துப்பிழை" என்று மட்டும் சொன்னார். பதினேழு கையெழுத்துகளும் விழுந்தன.

இரண்டு மாதத்தில் எங்கள் வாசலில் குழாய் வந்தது. முதல் நாள் காலை ஆறு மணிக்கு என் மனைவி திறந்தாள். காற்று சீறி, பிறகு தண்ணீர் விழுந்தது. அவள் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். அது குழாய்த் தண்ணீர் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

மதிலுக்கு மேலே தலை வந்தது. ரப்பர் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார். எங்கள் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பந்த் குரலை எடுத்தார்.

"இனிமேல் ஒந்து ஹனி நீரூ பிடல்லா!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் மனைவி அன்றைக்குத்தான் சிரித்தாள்.