டெனிஸ்ரன் பை வாங்கின கதை

கொளுத்துகிற வெயிலில், யாழ்ப்பாணம் ரவுனுக்குள், கடலில் போடுகிற செம்மஞ்சள் லைஃப் ஜக்கற்றை மாட்டிக்கொண்டு ஒரு மனுசன் பைக்கடைக்குள் ஏறினால் ஆர்தான் சிரிக்க மாட்டார்கள்? கடையில் வேலைக்கு நின்ற றொமேஷ் சிரித்தான். சாமான் பார்க்க வந்த பெண்டுகளும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அண்ணை, கடைக்குள்ளை இன்னும் வெள்ளம் வரேல்லை."

"உம்மடை சிரிப்பைப் பாத்தா வரும் போலைதான் கிடக்கு. கமராவும் லப்டொப்பும் கொண்டுபோற முதுகுப்பை எடும். இந்த ஜக்கற்றுக்கு மேலாலை கொழுவ ஏலுமான பை."

டெனிஸ்ரன் பகிடிக்கு வரவில்லை. நாலு கிழமையாக அவனுக்குள் ஒரு கோபம் அடுப்புத் தணல் மாதிரிக் கனன்றுகொண்டு கிடந்தது.

ஆள் ஊர்காவற்றுறைக்காரன், ஐம்பதுக்குக் கிட்ட. தகப்பன், தமையன், தம்பி எல்லாருக்கும் கடல்தான் சோறு. இவனுக்கு மட்டும் வலையில் கை படியவில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருநாள், செத்தவீடு என்று தீவுப்பகுதி முழுக்க வீடியோ எடுத்துத் திரிகிறான். இந்தக் காலத்தில் செத்தவீடுதான் பெரிய வேலை. பிள்ளைகள் பரிசிலும் லண்டனிலும் இருப்பார்கள், நினைத்தவுடன் வர ஏலாது. தாய் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது டெனிஸ்ரனின் லப்டொப்புக்குள்ளால்தான்.

அந்த லப்டொப்பைத்தான் கடல் குடித்தது.

மனுசி மேரிசுகந்தியின் தம்பி டிலோன் கனடாவில் இருந்து ஒரு பை அனுப்பியிருந்தான். கறுப்புப் பை. கள்ளன் களவெடுக்க ஏலாதாம், முதுகுப் பக்கத்தால்தான் திறக்கும். அதாவது, ஒரு வயரை எடுக்க வேண்டுமென்றாலும் பையைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேணும். வேலிக்கரையில், மணலில், சேற்றில் நின்று படம் எடுக்கிறவனுக்கு நல்ல பை!

நெடுந்தீவில் பிலிப்பண்ணையின் மனுசி செத்த அன்று அந்தப் பையோடுதான் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினான். படகில் எல்லாரும் ஜக்கற் போட வேணும். ஜக்கற்றைப் போட்டால் பையின் வார் தோளுக்குள் ஏறவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுசிக்கொண்டு நிற்க, படகில் வேலைக்கு நிற்கிற கணநாதன் வந்து பறித்தான்.

"வழியிலை நிக்காதேங்கோ அண்ணை!"

பை கீழ்த்தட்டுக்குப் போனது. அங்கே அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாண் கடல் தண்ணி. நெடுந்தீவில் இறங்கி எடுத்தபோது பையின் மேற்பக்கம் காய்ந்த சருகு மாதிரி இருந்தது. கமராவும் பிழைத்துவிட்டது. லப்டொப் வைக்கிற அறை மட்டும் பையின் அடிவரைக்கும் இறங்கினபடியால் லப்டொப் தண்ணிக்குள்ளேயே பயணம் செய்திருக்கிறது. சுவிச்சை அமத்தினான். அமத்தி அமத்திப் பார்த்தான். ஒரு வெளிச்சமும் வரவில்லை.

பரிசில் இருந்து பிலிப்பண்ணையின் மகள் கத்தரீனா போனில் குழறினாள். "அண்ணை, ஒண்டும் தெரியேல்லை! பெட்டியை மூடிப்போட்டினமோ? அம்மான்ரை முகத்தை மூடிப்போட்டினமோ?" டெனிஸ்ரன் தன் போனைத் தூக்கிப் பிடித்தான். சனம் இடித்தது, லைன் அறுந்தது, திரும்ப எடுக்கிறதுக்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

டிலோனுக்கு அன்று இரவு போனில் நல்ல பூசை விழுந்தது.

"அத்தான், அது பத்தாயிரம் பேர் நல்லதெண்டு எழுதின பை."

"அந்தப் பத்தாயிரம் பேரிலை எத்தினை பேரடா நெடுந்தீவுக்குப் போனவங்கள்?"

இப்போது முப்பத்தோராம் நாள் பூசை வருகிறது. பிலிப்பண்ணையே போன் எடுத்தார். "கத்தரீனா உன்னை வேண்டாமெண்டுதான் நிக்கிறாள். நான்தான் நீ வா எண்டுறன். இந்தமுறை எண்டாலும் வடிவாக் காட்டிவிடடா." கிழவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். ஏசாமல் விட்டதுதான் நெஞ்சுக்குள் முள்ளாய்க் கிடந்தது. இந்தமுறை கொண்டுபோகிறது தன் மகள் பிரேமினி கம்பஸ் படிப்புக்கு வைத்திருக்கிற லப்டொப். அதுவும் நனைந்தால் அவளின் படிப்பும் போச்சு, இவனுக்குத் தீவுக்குள் இருக்கிற பேரும் போச்சு.

றொமேஷ் பை பையாக இறக்கினான்.

"இது வோட்டர் புரூவ் அண்ணை."

"எந்தத் தண்ணிக்கு?"

"மழைக்கு."

"மேலாலை வாற தண்ணிக்கு நான் குடை பிடிப்பன். கீழை நிக்கிற தண்ணிக்கு என்ன சொல்லுறீர்?"

டெனிஸ்ரன் வலக்கையை லப்டொப் அறைக்குள் முழங்கைமட்டும் விட்டான், இடக்கையைப் பையின் அடியில் வைத்தான். உள்விரலும் வெளிவிரலும் துணிக்கு ரெண்டு பக்கமும் முட்டின.

"விரல் முட்டுதெண்டா லப்டொப் தரையிலை இருக்கெண்டு அர்த்தம். வையும் அங்காலை."

அடுத்த பையிலும் விரல் முட்டியது. அதற்கடுத்ததில் முட்டவில்லை, ஆனால் பையை இழுத்து மூடுகிற சிப் இரும்பு. உப்புக்காற்றுக்கு ஒரு மாதத்தில் இறுகிப்போகும், பிறகு கத்திதான் திறப்பு. இன்னொன்றில் கமரா படம் பெரிதாக அடித்திருந்தது. "கள்ளனுக்கு வெத்திலை வைச்சு அழைக்கவோ?" என்று அதையும் எறிந்தான். அந்த நேரம் பார்த்து றொமேஷ் போனைத் தூக்கி இவனைப் படம் எடுத்தான்.

"அழியும் அதை!"

"சும்மா அண்ணை, பகிடிக்கு..."

"ஊரைப் படம் எடுத்துச் சீவிக்கிறவன் நான். கேட்டுப்போட்டுத்தான் எடுக்கிறனான். அழியும் எண்டுறன்!"

றொமேஷ் அழித்தான். பிறகு பின்னால் போய், தூசி தட்டி, சாம்பல் நிறப் பை ஒன்றைக் கொண்டுவந்தான். மேலால் திறக்கும். பிளாஸ்ரிக் சிப். லப்டொப் அறை அடியில் இருந்து நாலு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. வாரை முழுக்க இழுத்து விட்டதும் ஜக்கற்றுக்கு மேலால் வந்து ஏறியது. டெனிஸ்ரன் கண்ணாடிக்கு முன் நின்று முன்னும் பின்னும் திரும்பினான். இனி ஒரு பயலும் பறித்துக் கீழே எறிய ஏலாது.

வியாழக்கிழமை காலமை குறிகட்டுவான் இறங்குதுறையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகு ஏறினான். முதுகில் ஜக்கற், ஜக்கற்றுக்கு மேல் பை.

"அதைக் கழட்டுங்கோ அண்ணை," என்றான் கணநாதன்.

"ஏன்?"

"ஜக்கற்றுக்கு மேலை ஒண்டும் போடேலாது. தண்ணிக்கை விழுந்தா பை உங்களைக் குப்புற அமத்திப்போடும். தாங்கோ, கீழை வைப்பம்."

கணநாதன் சொன்னது சரி. சரியாக இருந்தபடியால்தான் டெனிஸ்ரனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கடல்காரன் வீட்டில் பிறந்தவன், இதை யோசிக்காமல் கடைக்குள் ஜக்கற்றோடு ஆடியிருக்கிறான்!

"கீழை வைச்சு என்ன நடந்ததெண்டு தெரியுமோடா உனக்கு? தாயின்ரை முகம் பாக்காமல் ஒரு பொம்பிளை பரிசிலை கிடந்து குழறினவள்!"

"அதுக்கு நானோ தண்ணி ஊத்தினனான்?"

"எறிஞ்சது நீ!"

"எறியாமல் மடியிலை வைச்சுத் தாலாட்டவோ? படகு வெளிக்கிட வேணும், கழட்டுங்கோ!"

"ரெண்டு பேரும் இறங்கி நிண்டு பிடியுங்கோ சண்டையை," என்றா நெடுந்தீவில் படிப்பிக்கிற மீனலோசனி ரீச்சர். "எனக்குப் பள்ளிக்கூடம் மணியடிக்கப் போகுது."

டெனிஸ்ரன் பையைக் கழற்றினான். கணநாதன் கை நீட்டினான். டெனிஸ்ரன் கொடுக்கவில்லை. கம்பியில் தொங்கின இன்னொரு ஜக்கற்றை இழுத்தெடுத்து, பைக்கு மாட்டி, மூன்று கொழுக்கியையும் பூட்டி, வாரை இறுக்கினான்.

"கழட்டியாச்சு. இப்ப என்ரை சட்டைக்கு மேலை இது இல்லை. இதுக்கும் தன்ரை சட்டை இருக்கு. எனக்கு நீந்தத் தெரியும், இதுக்குத் தெரியாது."

படகு முழுக்கச் சிரித்தது. ரீச்சர் ஒதுங்கி இடம் விட்டா. "வையுங்கோ, பாவம்."

கணநாதனுக்கும் வாய் கோணியது. "அண்ணை, இவருக்கு அரை ரிக்கற்றோ, முழுசோ?"

"முழுசு போடு. உன்னைவிட இது வேலை செய்யும்."

"ஆள் கூடினா ஜக்கற்றைத் திருப்பித் தரவேணும், சொல்லிப்போட்டன்."

ஒரு மணித்தியாலம் அலை அடித்தது. செம்மஞ்சள் துணி நனைந்து சொட்டியது. டெனிஸ்ரன் ரெண்டு கையாலும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

கோயிலில் லப்டொப்பைத் திறந்தான். ஒரு துளி ஈரம் இல்லை. வெளிச்சம் வந்தது, லைன் வந்தது, பீடம் வந்தது, மாலை போட்ட தாயின் படம் வந்தது. பிலிப்பண்ணை முன்வாங்கில் இருந்து திரும்பி இவனைப் பார்த்தார். இவன் தலையை ஆட்டினான். பரிசில் கத்தரீனா பார்க்கத் தொடங்கியது திரையில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து எழுத்து வந்தது.

"சத்தம் காணாது. கூட்டுங்கோ."

அவ்வளவுதான். இவனை வேண்டாமென்று நின்றதுக்கு ஒரு சமாதானச் சொல்லு இல்லை. டெனிஸ்ரன் வாய்க்குள் ஏதோ திட்டினான், கோயில் என்றபடியால் அரைவாசியில் விழுங்கினான். விழுங்கிப்போட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.