முக்காடு போட்ட சாட்சி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அம்மா திரி சொருகும் வேலை பார்த்தாள். பக்கத்து அறையில் மருந்து வெடித்தபோது, அவளோடு உட்கார்ந்து வேலை செய்தவள் அம்மாவை வாசல் வழியே வெளியே தள்ளிவிட்டாள். அம்மாவுக்கு முழங்கை தோலுரிந்ததோடு போயிற்று. தள்ளிவிட்டவள் வெளியே வரவில்லை.

எங்கள் சபையில் யாராவது உயிர் தப்பினால், கர்த்தர் எப்படிக் காப்பாற்றினார் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சாட்சி சொல்வார்கள். பெண்கள் எழுந்து நிற்கக்கூடாது. பெண்ணின் சாட்சியை அவள் புருஷன் சொல்வார். ஆகவே, வெடித்த அன்று விருதுநகரில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த அப்பா மைக்கைப் பிடித்தார்.

"கர்த்தரே வந்து எம் பொஞ்சாதி கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டார்!"

ஆண்கள் பக்கம் கைதட்டல். பெண்கள் பக்கம் பாயில் என்னோடு இருந்த அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"இழுக்கலடி. முதுகுல கை வச்சுத் தள்ளுனா. அவளப் பத்தி ஏன் பேச்சையே காணோம்?"

ஆராதனை முடிந்ததும் அம்மா பாஸ்டரிடம் போனாள்.

"பாஸ்டரய்யா, அடுத்த வாரம் நான் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிடவா?"

"வேதத்துல என்ன இருக்குன்னு ஒங்க படிச்ச மகளக் கேளுங்க. பொம்பளைக சபையில பேசக்கூடாது. எதுவும் கேக்கணும்னா வீட்டுல புருஷன்கிட்டக் கேட்டுக்கிடணும்."

"கேக்க ஒண்ணுமில்லய்யா. சொல்லத்தான் இருக்கு."

"அதான் ஒங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாருல்ல?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, அதை மறைப்பதில்லை. அன்று மத்தியானம் சாப்பிடாமல் பைபிளில் அந்த வசனம் வரும் நிருபத்தை, அப்போஸ்தலர் ஒரு சபைக்கு எழுதிய கடிதத்தை, பிரித்தேன். பாஸ்டர் சொன்னது இருந்தது. இல்லாமல் போயிருக்கக்கூடாதா என்று இருந்தது. அது அந்தக் காலத்து ஊர்ச் சண்டைக்காக எழுதியது என்று விளக்குகிறவர்களையும் வாசித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. எந்தக் காலத்திலோ எந்த ஊருக்கோ போன கடிதம் என் அம்மாவின் வாயை ஏன் அடைக்க வேண்டும்?

சில பக்கங்களுக்கு முன்னால் அதே அப்போஸ்தலர் இன்னொன்று சொல்லியிருந்தார். பெண் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டுமாம். இந்த இடத்தைக் காட்டித்தான் சிறுவயதிலிருந்து என் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டார்கள். வாய் திறக்கிற பெண்ணுக்குச் சொன்ன முக்காட்டை மட்டும் எங்களுக்கு வைத்துவிட்டு, பேச்சைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அங்கன பொம்பளைக பேசியிருக்காக?"

"பேசப்போய்த்தானம்மா மூடச் சொல்றாரு."

"ரெண்டையும் எழுதுனது ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான்."

"ஒங்கப்பா மாதிரில்ல இருக்காரு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு." சிரித்தாள். பிறகு கேட்டாள். "இதுல எதடி கேக்குறது?"

இன்றைக்கும் அந்த இரண்டையும் என்னால் ஒட்டவைக்க முடியவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் அம்மா சேலைத் தலைப்பை நெற்றி வரை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க சிஸ்டர்," என்றார் பாஸ்டர்.

அம்மா உட்காரவில்லை. பாஸ்டர் கண்ணைக் காட்ட, முன்வரிசை மூப்பர் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். ஆண்கள் பக்கம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஒரு பெண்ணின் குரலை அமுக்குவதற்கு ஆண்டவரின் பாட்டு. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. அப்பா மட்டும் பாடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பாட்டோடு போட்டி போடவில்லை. நின்றாள். பாட்டு முடிந்தது, பல்லவியை மறுபடி இழுத்தார்கள். அப்போதும் நின்றாள். ஒருவழியாகத் தொண்டைகள் ஓய்ந்தபோது, இறந்தவளின் பெயரை முதலில் சொன்னாள். அவள் ஊரைச் சொன்னாள்.

"நம்ம சபை இல்ல அவ. முனியாண்டிக்குப் பொங்கல் வச்சவ. அவ கைதான் எம் முதுகுல பட்டுச்சு."