பூ விழும் வரை பேசக் கூடாது

அம்மனைக் கும்பிடுகிற எல்லாச் சொந்தங்களுக்கும் அரூர்ப் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து சரசுவின் வணக்கம். எங்கள் மாரியம்மன் என் மகளுக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அவள் எப்படிச் செய்தாள் என்று கேட்டால் இன்னமும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. எதையும் ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருப்பது என் பிறவிக் குணம். சாமியிடம்கூட விடமாட்டேன். பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

என் மகள் தர்ஷினி ஒன்றாம் வகுப்பு படித்தபோது அவளுக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் யூனிபார்மை நனைத்துக்கொண்டு வந்தாள். அவளைக் குளிப்பாட்டிக்கொண்டே நான் அழுதேன். அவள் அழவில்லை. தன் ஈரக் கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். 

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். வாரக் கடைசியில் வருவார். தங்கமான மனுஷன்தான், ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். சாப்பாட்டில் உட்காரும்போதே, "அடுத்து என்ன புள்ள?" என்பார். நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. மாங்காய்க் காலத்தில் மாங்காயைத் தின்னாமல் அவரைக்கொட்டை ஊன்றுவதைப் பற்றிப் பேசுவோம். அவரைச்செடி காய்க்கும்போது புளி உலுக்க ஆள் தேடுவோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தர்ஷினி வாயைத் திறந்தால் அவர் ஒரு பாதியைச் சொல்லி முடிப்பார், மறுபாதியை நான் சொல்லி முடிப்பேன்.

தர்மபுரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள், அவளே சொல்லி முடிக்கட்டும் என்றார். தலையாட்டிவிட்டு வந்தோம். பஸ் ஏறுவதற்குள் அவள் சொல்ல வந்ததை மறுபடி நாங்களே சொல்லிவிட்டோம். பயிற்சி நடந்தது, ஆனால் வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஊமையாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் பங்குனியில் ஊர்ப் பண்டிகை வந்தது. எங்கள் ஊரில் பெரிய காரியம் எதுவானாலும் பண்டிகை சமயத்தில் அம்மனிடம் பூக் கேட்போம். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரமான அரளிப் பூவை ஒட்டி வைப்பார்கள். வலது பக்கப் பூ முதலில் விழுந்தால் காரியத்தைச் செய்யலாம், இடது பக்கம் விழுந்தால் கூடாது. பூ விழும் வரை, கேட்க வந்த பெரியவர்கள் எழுந்திருக்கக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எங்கள் பூசாரி என்னைவிட இளையவர். மற்ற நாளில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அவரிடம் ஒரே மூச்சில் கேட்டார்: "ஓசூருக்கே குடி போயிரலாமா, பிள்ளையப் பெரிய ஸ்கூல்ல சேத்தா பேச்சு வந்துருமா, அங்கயே வூடு கட்டலாமான்னு கேளுப்பா."

பூசாரி சிரித்துவிட்டார். "ஒரு பூவுக்கு ஒரு கேள்விதாண்ணா. இத்தனயும் சேத்துக் கேட்டா ஆத்தா எதுக்குன்னு பதில் சொல்லுவா?"

கடைசியில் ஓசூர் போகலாமா என்று மட்டும் கேட்பதாக முடிவானது. நான் மனசுக்குள் வேறொன்றைக் கேட்டேன். ஆத்தா, என் பிள்ளைக்கு வாயைக் குடு, வேற எதுவும் வேண்டாம் என்று கேட்டேன்.

பூ விழவே இல்லை. வெயில் ஏறியது. தரை சுட்டது. என் வீட்டுக்காரர் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தார். அவர் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் மடியில் இருந்த தர்ஷினி சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஆ... ஆ..." என்றாள்.

அவர் வாய் தானாகத் திறந்தது. பூசாரி கையைக் காட்டி அடக்கினார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பிள்ளை நின்றாள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நின்றாள். ஆனால் விடவில்லை.

"ஆ... ஆத்தாளுக்குக் கூ... கூச்சமா இருக்கும்ப்பா. எல்லாரும் இ... இப்பிடிப் பாத்தா எப்பிடிப் பூவப் போடுவா?"

கோயிலே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன், அழுதேன். எத்தனையோ மாதம் கழித்து என் பிள்ளை முழுதாகச் சொன்ன பேச்சு அது. அவர் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அப்புறம்தான் பூசாரி திரும்பிப் பார்த்தார். "அட, ரெண்டு பூவும் கீழ கெடக்குது! எது முன்னால வுழுந்துச்சு? யாராச்சும் பாத்தீங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தர்ஷினி மேல்தான் இருந்தது. "அப்ப அடுத்த பண்டிகைக்குத்தாண்ணா மறுபடி கேக்க முடியும்" என்று பூசாரி விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார்.

உத்தரவு இல்லாமல் ஊரைவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அப்படியே அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்றுதான் சொல்வேன். பண்டிகை முடிந்த கையோடு புளியை உலுக்கிப் போட்டு, மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்தோம். அந்த வேலையில் அவசரம் செல்லாது, அவசரப்பட்டால் விரலில்தான் அடி விழும். ஒரு அணிலைப் பற்றித் தர்ஷினி ஒரு கதை சொன்னாள். கதை முடிவதற்குள் புளி குவிந்துவிட்டது. அவர் கடைசி வரை "உம்" கொட்டினார். மாங்காய்க் காலத்தில் மாங்காய் தின்றோம். பல் கூசும் வரை தின்றோம். ஆடி மழையில் நனைந்தோம். மார்கழியில் பனியோடு அவரைக்காய் பறித்தோம். கம்பெனியும் பள்ளிக்கூடமும் பயிற்சியும் எப்போதும்போல நடந்தன. ஆனால் எங்கள் வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் எல்லாரும் கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிடுவோம்.

மேடம் சொன்னதும் அதே பேச்சுதானே? அப்போது ஏறாதது ஆத்தா முன்னால் எப்படி ஏறியது? அந்தப் பூ ஏன் அவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது? அவள் வேண்டுமென்றே எங்களை உட்கார வைத்தாளா? கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்கக் கேட்க அவள் மேல் ஆசை கூடுகிறதே தவிர குறையவில்லை.

இந்த வருஷப் பண்டிகையில் நாங்கள் பூக் கேட்கவில்லை. பொங்கல் மட்டும் வைத்தோம்.

போன வாரம் அரூரிலிருந்து தர்மபுரிக்கு பஸ்ஸில் போனோம். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பாப்பா, உன் பேரு என்ன?" என்று கேட்டார். சொந்தப் பேர்தான் அவளுக்கு இன்றும் கஷ்டம். "த... த..." என்று நின்றாள். பின்னால் ஆட்கள் டிக்கெட்டுக்கு நின்றார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, மூச்சை இழுத்து விட்டு, நிதானமாகச் சொன்னாள்: "த... தர்ஷினி. ரெண்டாவது படிக்கிறேன். உங்க பேரு என்ன?"

தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு கவலை இருக்கும். தயங்காமல் அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே எழுந்து ஓடாதீர்கள். பிள்ளை குட்டிகளோடு அவள் முன்னால் உட்காருங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.