தாலிக்கும் பதிவுக்கும் நடுவில் ஏழு மாதம்

வணிக வழக்குகளில் எனக்குக் கோபம் வருவதில்லை. இரண்டு கம்பெனிகள் அடித்துக்கொள்ளும், ஒன்று தோற்கும், மறுநாள் இரண்டும் கடை திறக்கும். சொத்து வழக்கு அப்படியில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்கு வரும் அண்ணன் தங்கைகள் ஒரே லிப்டில்கூட ஏறமாட்டார்கள்.

கிள்ளானிலிருந்து ஒரு பெண் வந்தாள். படுக்கையில் கிடந்த அப்பாவை அவளும் அவள் கணவனும்தான் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அவள் பெயருக்கு வீட்டை உயில் எழுதினார். சாட்சிக் கையெழுத்து என்றதும், "மொதல்ல மாப்பிள்ளை போடட்டும்" என்றிருக்கிறார். மரியாதையாம். அந்த மரியாதைதான் வினை. சாட்சி போட்டவரின் மனைவிக்கு அந்த உயிலில் எழுதியது செல்லாது. சட்டம் அப்படி. அப்பா இறந்ததும் அவளுடைய இரண்டு அண்ணன்களும் அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டை விற்றுப் பங்கு கேட்டார்கள்.

"செட்டில் பண்ணிடு லா" என்றார் என் கூட்டாளி. மாட்டேன் என்றேன். அவளிடம் கல்யாணப் பத்திரத்தைக் கேட்டேன். நம் ஆட்களை எனக்குத் தெரியும். கோயிலில் தாலி கட்டி, மண்டபம் நிறையச் சாப்பாடு போட்டுவிட்டு, பதிவை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். இவர்கள் ஏழு மாதம் கழித்துப் பதிந்திருந்தார்கள். உயில் எழுதியது அந்த ஏழு மாதத்துக்குள். இந்த நாட்டில் பதிந்தால்தான் கல்யாணம்; அன்று சட்டத்தின் கணக்கில் அவன் அவளுக்குக் கணவனே இல்லை.

சொன்னதும் எழுந்துவிட்டாள். "தாலி கட்டினவர புருஷன் இல்லன்னு கோர்ட்டுல என் வாயாலயே சொல்லணுமா லாயர்?"

"ஆமா. இல்லன்னா வீட்டுச் சாவிய அண்ணன்கிட்ட குடுத்துடுங்க."

நயமாகப் பேச எனக்கு வராது. பக்கத்திலிருந்த கணவன்தான் சிரித்தான். "சொல்லு. அன்னிக்கு நான் யாரோ ஒருத்தன். இன்னிக்கு சோறு போடுவல்ல?"

நீதிமன்றத்தில் அண்ணன்களின் வழக்கறிஞர் இளக்காரமாகக் கேட்டார்: அப்படியானால் அந்த ஏழு மாதம் ஒரே வீட்டில் எந்த உறவில் இருந்தீர்கள்? மொழிபெயர்ப்பாளர் முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். "ஊருக்கு நான் பொண்டாட்டி. சட்டத்துக்கு இல்ல. கேஸு சட்டத்தப் பத்திதானே?"

வீடு அவளுக்கே என்று தீர்ப்பானது. வெளியே பெரிய அண்ணன், "தாலிய வித்து வீடு வாங்கிட்ட" என்றான்.

"தாலி கழுத்துலதாண்ணே இருக்கு. கல்யாணத்துல ரெண்டு பந்தி உக்காந்து சாப்பிட்டியே, அன்னிக்கே பதியச் சொல்லியிருக்கலாமே."

ஒரு பெண்ணின் மானத்தை வைத்து ஜெயித்தேன் என்று சக வழக்கறிஞர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். தங்கையை நடுத்தெருவில் நிறுத்த வந்தவர்களின் மானத்தைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.